எலுமிச்சை லாரிக்கு ஒரு டயர்... ஜல்லி லாரிக்கு ஒரு டயர்!

கல்லில் கிழியவும் கூடாது, டீசலைக் குடிக்கவும் கூடாது. தென்காசி - கொல்லம் மலைச்சாலையில் ஓடும் லாரிகளுக்குச் சரியான டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசிக்கு வருகிறவர்களின் கண்ணெல்லாம் மலை மேல்தான் இருக்கும். மெயினருவியில் தண்ணீர் விழுகிறதா, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்பதுதான் பேச்சு. ஆனால், அதே மலையைப் பார்த்தபடி செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிக்காரர்களின் கவலை வேறு. மேலே ஏறும்போது டீசல், கீழே இறங்கும்போது பிரேக், இரண்டுக்கும் நடுவே டயர்.

லாரியின் ஓட்டச் செலவில் டீசலுக்கு அடுத்தபடியாகக் கையைக் கடிப்பது டயர்தான். பத்துச் சக்கர லாரி என்றால் ஸ்டெப்னியோடு சேர்த்து 11 டயர். பன்னிரண்டு சக்கர டாரஸ் என்றால் 13. ஒரு முறை மொத்தமாக மாற்றினாலே லட்சங்களில் போய் நிற்கும். வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு, தானே ஸ்டீயரிங்கும் பிடிக்கும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு, தவறான டயர் வாங்குவது என்பது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் கை வைப்பதற்குச் சமம்.

‘எந்த கம்பெனி டயர் நல்லது?’ என்பதுதான் வழக்கமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த லாரி எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறது?’ என்பதைத்தான்.

ஒரே சாலை, மூன்று விதமான லாரிகள்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆரியங்காவு கணவாய் வழியாகக் கடக்கும் இந்தச் சாலைதான், தென்மாவட்டங்களையும் தென்கேரளத்தையும் இணைக்கும் முக்கியமான சரக்கு வழி. சபரிமலை சீஸனில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களும் இதில் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சாலையில் ஓடும் லாரிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, எலுமிச்சை லாரி. புளியங்குடி எலுமிச்சையும், பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைக் காய்கறிகளும் ஏற்றிக்கொண்டு கேரளா போகிறவை இந்த வகை. தார்ச்சாலையை விட்டு இறங்குவதே அபூர்வம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், டீசல் குறைவாகச் செலவாக வேண்டும்.

இரண்டாவது, ஜல்லி லாரி. கிரஷரில் எம்-சாண்டோ ஜல்லியோ ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போகும் டாரஸ், டிப்பர்கள். ஒரு நடையில் நூறு கிலோமீட்டர் ஓடினால், அதில் கரடுமுரடான பாதை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால், டயர் கிழிவது பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான்.

மூன்றாவது, குவாரி லாரி. வெடிவைத்து உடைத்த குண்டுக்கல்லைப் பள்ளத்திலிருந்து கிரஷருக்கு ஏற்றிவந்து கொட்டுவதுதான் இதன் வேலை. நாள் முழுக்கக் கூர்மையான கல் மீதே ஓட்டம். வேகம் இருபதைத் தாண்டுவதே பெரிது.

மூன்றும் ஒரே அளவு டயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால், ஒரே ரக டயரைப் போட்டால் இரண்டு பேருக்காவது நஷ்டம்.

நைலானா... ரேடியலா?

லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வது, நூல் அடுக்குகளை ஒன்றின் மீது ஒன்று குறுக்காகப் போட்டுச் செய்த பழைய முறை டயர். பல அடுக்குகள் சேர்ந்திருப்பதால் பக்கச்சுவர் தடியாக இருக்கும். கல் உரசினாலும் சட்டென்று கிழியாது. ஆனால், ஓடும்போது அந்த அடுக்குகள் ஒன்றோடு ஒன்று இழுபட்டு உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் சூடாக மாறும். அந்தச் சூடு எல்லாம் டீசலிலிருந்து வந்த சக்திதான்.

ரேடியல் டயரில் இழைகள் குறுக்காக இல்லாமல், சக்கரத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். தரையில் படும் பகுதிக்குக் கீழே மட்டும் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றப்பட்டிருக்கும். பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் 1946-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பக்கச்சுவர் வளைந்துகொடுக்கும், தரையில் படும் பகுதி தட்டையாகவே இருக்கும். அதனால் தேய்மானம் சீராக இருக்கிறது, சூடு குறைகிறது, டீசல் மிச்சமாகிறது. இந்தியாவில் கார்களுக்கு ரேடியல் பரவிய பிறகும் லாரிகள் நீண்ட காலம் நைலானையே பிடித்துக்கொண்டிருந்தன. மோசமான சாலையும் அதிக பாரமும் அதற்கு முக்கியக் காரணங்கள். கடந்த இருபது ஆண்டுகளில்தான் நெடுஞ்சாலை லாரிகள் வேகமாக ரேடியலுக்கு மாறின.

ரேடியலின் பலவீனம் அதன் பக்கச்சுவர். குவாரிப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் ஒன்று பக்கவாட்டில் ஆழமாகக் கீறி, உள்ளே இருக்கும் எஃகு இழை அறுந்துவிட்டால், பெரும்பாலும் அந்த டயருக்கு மறுவாழ்வு கிடையாது. பட்டன் புத்தம் புதிதாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆகவே, பொதுவான விடை இதுதான். எலுமிச்சை லாரிக்கு ரேடியல், அதிலும் நெடுஞ்சாலைக்கென்றே செய்யப்பட்டது. குவாரி லாரிக்கு நைலான், அல்லது குவாரி, சுரங்க வேலைக்கென்று பக்கச்சுவரைக் கெட்டிப்படுத்திய ரேடியல். நடுவில் இருக்கும் ஜல்லி லாரிக்கு, ‘ஆன்-ஆஃப் ரோடு’ அல்லது ‘மிக்ஸட் சர்வீஸ்’ என்று கம்பெனிகள் குறிப்பிடும் ரேடியல். தார்ச்சாலையிலும் ஓடும், கல்லையும் ஓரளவு தாங்கும்.

குவாரி டயரை நெடுஞ்சாலையில் ஓட்டினால் என்ன? இதில் ஓர் ஆபத்து உண்டு. கல் கிழிக்காத ரப்பர், பெரும்பாலும் சூடு அதிகம் பிடிக்கும் ரப்பர். ஆழமான பட்டன் இருப்பதால் சூடு வெளியேறவும் நேரமாகும். குவாரிக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாது. முழு லோடோடு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வேகமெடுத்தால், டயரின் மேல் பகுதி பெயர்ந்துகொண்டு வரும். சாலையோரத்தில் கிடக்கும் நீளமான ரப்பர் பட்டைகளில் பல இப்படி வந்தவைதான்.

பட்டனைப் பார்த்தாலே தெரியும்

டயரின் தரை படும் பகுதியில் இருக்கும் செதுக்கல்களை ‘பட்டன்’ என்பது நம்மூர் வழக்கு. அது மூன்று மாதிரிகளில் வருகிறது.

ரிப்: சக்கரத்தைச் சுற்றி நீளவாக்கில் கோடு கோடாகப் போகும். எளிதாக உருளும், டீசல் குறைவாகக் குடிக்கும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். முன்சக்கரத்துக்கு இதுதான் ஏற்றது.

லக்: குறுக்குவாக்கில் தடித்த கட்டைகளாக இருக்கும். சேற்றிலும் கல்லிலும் பிடித்து இழுக்கும். இன்ஜின் சக்தி போய்ச் சேரும் பின்சக்கரத்துக்கு ஏற்றது. சத்தமும் டீசல் செலவும் கூடுதல்.

செமி லக்: நடுவில் கோடு, ஓரங்களில் கட்டை. இரண்டும் கலந்து ஓடுகிறவர்களுக்கு.

ஒரே லாரியில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி பட்டன் வேண்டும் என்பதில்லை. ஜல்லி லாரிக்கு முன்னால் ரிப், இழுக்கும் பின் அச்சில் லக் அல்லது செமி லக், இன்ஜினோடு சேராத ‘டம்மி’ அச்சில் மறுபடியும் ரிப் என்று போடுவது நல்ல ஏற்பாடு. ஆனால், ஒரே அச்சில் ரேடியலையும் நைலானையும் கலக்கவே கூடாது. ஜோடி டயர்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டியதும் அவசியம். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று மாட்டினால், உயரமானது பாரம் முழுவதையும் சுமந்து சீக்கிரம் சாகும். குட்டையானது தரையில் இழுபட்டே தேயும்.

குவாரிப் பக்கம் போகிறவர்கள் டயர் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டன் இடுக்கின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா? அவை, மாட்டிக்கொள்ளும் கல்லை வெளியே தள்ளுவதற்கானவை. இடுக்கில் சிக்கிய ஒரு சிறு ஜல்லி, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே துளைத்துக்கொண்டே போய், எஃகுப் பட்டையைத் தொட்டுவிடும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போனால் எஃகு துருப்பிடிக்கும். பிறகு அந்த டயர் ரீட்ரெட்டுக்கும் உதவாது.

மழைக்காலத்துக்குத் தனி எச்சரிக்கை உண்டு. காய்ந்த ரப்பரைவிட நனைந்த ரப்பரைக் கல் எளிதாக வெட்டும். தண்ணீர் எண்ணெய் போல வேலை செய்து கல்லின் முனைக்கு வழிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் மாதங்களில் குவாரிப் பாதையில் வெட்டுக் காயங்கள் கூடுவதற்கு இதுவே காரணம். மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும் டயரை ‘சீஸன் முடியட்டும்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

பக்கவாட்டில் இருக்கும் ஜாதகம்

டயர் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன், பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். டயரின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது.

‘10.00 ஆர் 20’ என்றால், டயரின் அகலம் சுமார் 10 அங்குலம், ‘ஆர்’ என்பது ரேடியல், 20 என்பது டிஸ்க்கின் விட்டம். ஆர் இருக்கும் இடத்தில் வெறும் கோடு இருந்தால் அது நைலான்.

அடுத்து ‘146/143 கே’ என்பது போல ஓர் எண். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 146 என்றால், தனியாக மாட்டும்போது அந்த டயர் சுமக்கக்கூடியது 3,000 கிலோ. 143 என்றால், ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. ‘கே’ என்பது அதிகபட்ச வேகம் 110 கிலோமீட்டர். ‘ஜே’ என்றால் 100. ‘எஃப்’ என்றால் 80 மட்டுமே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. 11.5 டன்னை நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,875 கிலோ. 143 எண் கொண்ட டயர் நான்கு சேர்ந்தாலும் 10,900 கிலோதான். பழைய வரம்புக்கு அது போதும், புதிய வரம்பு முழுவதையும் பயன்படுத்துகிற லாரிக்குப் போதாது. ஜோடியாக மாட்டும்போது குறைந்தது 145 (2,900 கிலோ) என்ற எண் வேண்டும். ‘வண்டிக்கு அனுமதி இருக்கிறது’ என்று லோடு ஏற்றுகிறவர்கள், டயருக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தயாரிப்புத் தேதியும் அங்கேயே இருக்கும். நான்கு இலக்கங்கள். ‘2324’ என்றால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பல ஆண்டுகள் கடையில் கிடந்த டயரை வாங்கிவிடாமல் இருக்க இது உதவும். பி.ஐ.எஸ். அமைப்பின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லாரி டயர்களுக்கான தர எண் 15636.

டீசல் கணக்கு

லோடு லாரி எரிக்கும் டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பைச் சமாளிக்கவே போகிறது. அந்த எதிர்ப்பை 10 சதவிகிதம் குறைத்தால், டீசல் சுமார் 3 சதவிகிதம் மிச்சமாகும்.

மூன்று சதவிகிதம் சின்னதாகத் தெரியலாம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 லிட்டர். அதில் 3 சதவிகிதம் 45 லிட்டர். டீசல் லிட்டர் ரூ.92 என்று கணக்கிட்டால் மாதம் ரூ.4,140, வருடத்துக்குச் சுமார் ரூ.50,000.

குறைந்த எதிர்ப்பு கொண்ட டயரை எப்படிக் கண்டுபிடிப்பது? உருளும் எதிர்ப்பு, ஈரச் சாலையில் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைத்து, 2022 ஜூனில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கார், பஸ், லாரி டயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஃபிரிட்ஜ், ஏ.சி-க்கு நட்சத்திரக் குறியீடு கொடுக்கும் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு, டயர்களுக்கும் நட்சத்திரத் திட்டம் வைத்திருக்கிறது. வாங்கும்போது கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், டீசல் மிச்சம் பிடிக்கும் டயர் எல்லோருக்கும் லாபம் தராது. டயரின் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று பார்த்தால் இது புரியும். உதாரணத்துக்கு, ரூ.18,000-க்கு வாங்கிய டயர் 50,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 36 பைசா. ரூ.24,000 டயர் 80,000 கிலோமீட்டர் ஓடி, பிறகு ரூ.7,000 செலவில் ரீட்ரெட் செய்து இன்னும் 40,000 ஓடினால், மொத்தச் செலவு ரூ.31,000. கிலோமீட்டருக்கு 26 பைசாதான். ஒரு டயருக்கு 10 பைசா வித்தியாசம் என்றால், பத்து டயருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மாதம் 6,000 கிலோமீட்டருக்கு ரூ.6,000.

அதே ரூ.24,000 டயர் குவாரியில் பக்கச்சுவர் கிழிந்து 25,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டால்? கிலோமீட்டருக்கு 96 பைசா! எலுமிச்சை லாரிக்கு லாபம் தந்த டயர்தான், குவாரி லாரிக்குப் பெரிய நஷ்டமாகிறது. இந்தக் கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு டயரின் எண், மாட்டிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், கழற்றிய காரணம், இந்த நான்கையும் எழுதி வைத்தால், அடுத்த முறை கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகமே சொல்லும்.

ரீட்ரெட்... பயப்பட வேண்டுமா?

தேய்ந்த பட்டனைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ரப்பர் ஒட்டுவதுதான் ரீட்ரெட். ‘ரீசோல்’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய உறவு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப், 1952-ல் இறங்கியது ரீட்ரெட்டுக்கான ரப்பர் தயாரிப்பில்தான். டயர் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

ரீட்ரெட் என்றாலே ஆபத்து என்பது சரியல்ல. விமானங்களின் டயர்களே ரீட்ரெட் செய்யப்படுகின்றன. கூடு நன்றாக இருந்தால் ரீட்ரெட்டும் நன்றாக இருக்கும் என்பதுதான் விதி. பக்கச்சுவரில் வீக்கமோ, எஃகு தெரியும் அளவு வெட்டோ, காற்று குறைந்த நிலையில் ஓடிய தடமோ இருந்தால் அந்தக் கூடு வேண்டாம். நூல் தெரியும் வரை ஓட்டிவிட்டுக் கொண்டுபோனாலும் பயனில்லை. கொஞ்சம் பட்டன் மிச்சம் இருக்கும்போதே கழற்றினால்தான் கூடு மிஞ்சும்.

முன்சக்கரத்தில் மட்டும் ரீட்ரெட் டயரைத் தவிர்ப்பது நல்லது. பின்னால் ஒரு டயர் வெடித்தால் அதன் ஜோடி தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போகும். அமெரிக்காவில் பஸ்களின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் மாட்டச் சட்டமே தடை விதிக்கிறது. புதிய டயரை முன்னால் மாட்டி, பாதி தேய்ந்ததும் பின்னால் தள்ளி, பிறகு ரீட்ரெட் செய்து பின் அச்சிலேயே ஓட்டி முடிப்பதுதான் சிக்கனமும் பாதுகாப்பும் சேர்ந்த வழி.

காசில்லாத டயர் வைத்தியம்: காற்று

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும், காற்று சரியில்லை என்றால் எல்லாம் வீண். லாரி டயரில் 10 பிஎஸ்ஐ காற்று குறைந்தால், டீசல் சுமார் 1 சதவிகிதம் கூடுதலாகச் செலவாகும். டயர் வளைந்து வளைந்து சூடேறுவதால் ஆயுளும் குறையும்.

குவாரிப் பாதையில் காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, கல்லுக்கு வாகாக நிற்கும். அளவுக்கு மேல் அடித்தாலோ, மேல்பகுதி விறைத்துக்கொண்டு கல்லின் முனை சட்டென்று இறங்கும். கம்பெனி சொன்ன அளவுதான் சரியான அளவு. அதை, டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். மலை ஏறி இறங்கிய டயரில் சூட்டினால் காற்றழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்த பிறகு காற்று பற்றாக்குறையாகிவிடும்.

இருக்க வேண்டிய காற்றில் 80 சதவிகிதத்துக்கும் கீழே போன டயரைப் ‘பஞ்சர்’ என்றே கருதிக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே எஃகு இழைகள் தளர்ந்திருந்தால், மறுபடி காற்று அடிக்கும்போதே பக்கச்சுவர் வெடிக்கக்கூடும். ட்யூப் டயர்களின் டிஸ்க்கில் இருக்கும் லாக் ரிங் சரியாக உட்காராமல் தெறித்து உயிரைப் பறிப்பதும் உண்டு. இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கும் பஞ்சர் கடையைத் தேடிப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ட்யூப்லெஸ் டயர்களின் டிஸ்க் ஒரே துண்டாக இருப்பதால் இந்த லாக் ரிங் பிரச்னை அதில் இல்லை.

தேய்மானமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்தால் பேரிங், ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. சாரல் நேரத்து மலைச்சாலைக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

இறக்கத்தில் இருக்கிறது சோதனை

புளியரைக்கு மேலே இருக்கும் ‘எஸ்’ வளைவு, இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு நன்கு தெரிந்த இடம். சாலைக்குக் கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரி 25-ம் தேதி நள்ளிரவில், கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே கவிழ்ந்து தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி, தண்டவாளத்தில் ஓடிப்போய் டார்ச் ஒளியைக் காட்டி, அந்த வழியில் வந்த ரயிலை நிறுத்தினார்கள். நாடே அவர்களைப் பாராட்டியது.

விபத்துக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆனால், இப்படிப்பட்ட இறக்கத்தில் டயருக்கு என்ன நடக்கிறது என்பது தெளிவு. தொடர்ந்து பிரேக் மிதித்தால் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு டிஸ்க்குக்குப் போய், அங்கிருந்து டயரின் விளிம்புக்கும் ட்யூப்புக்கும் இறங்கும். ஏற்கெனவே பாரத்தாலும் காற்றுக் குறைவாலும் சூடான டயர் அங்கேதான் கைவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று மூத்த டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லித் தருவது பிரேக்கை மட்டுமல்ல, டயரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

அதிக பாரத்தை எந்த டயரும் மன்னிக்காது. சாலையும் மன்னிக்காது. அச்சின் எடை கூடக் கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் உயரும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 10 சதவிகிதம் அதிக பாரம் என்றால், சேதம் ஏறக்குறைய 46 சதவிகிதம் அதிகம். கனிம லாரிகளால் சாலை பாழாகிறது என்று தென்காசி மாவட்ட மக்கள் குரல் கொடுப்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பாழான சாலையில் அடுத்து கிழிவதும் அதே லாரிகளின் டயர்தான்.

காரில் குற்றாலம் வருகிறவர்களுக்கு...

இந்த விஷயங்களில் பாதி, குடும்பத்தோடு காரிலோ வேனிலோ வருகிறவர்களுக்கும் பொருந்தும். கிளம்பும் காலையில் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களிலும் காற்று பாருங்கள். தயாரிப்பு வாரத்தைப் படியுங்கள். பட்டன் மழுங்கிய டயரோடு சாரலில் மலைச்சாலை ஏறாதீர்கள். இறக்கத்தில் லோடு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். பெயர்ந்து பறக்கும் டயர் பட்டை, கார் கண்ணாடியை உடைக்கும் அளவுக்கு வேகத்தோடு வரும்.

டயர் வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. மொத்த ஓட்டத்தில் கல் பாதை எவ்வளவு, தார்ச்சாலை எவ்வளவு?

2. எந்த அச்சுக்கு வாங்குகிறோம்? முன்னாலா, இழுக்கும் அச்சிலா, டம்மியிலா?

3. உண்மையில் ஏற்றும் பாரத்துக்கு டயரின் எடை எண் போதுமா?

4. தயாரிப்பு வாரம் என்ன? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?

5. கூட்டை எத்தனை முறை ரீட்ரெட் செய்யலாம்? வெட்டுக் காயத்துக்கு வாரன்டி உண்டா?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கினால், வழியெங்கும் ரப்பர் தோட்டங்கள். லாரி டயருக்குச் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பர்தான் அதிகம் தேவை. சூட்டையும் கிழிசலையும் தாங்குவதில் அதற்கு இணை இல்லை. ஒரு மரத்திலிருந்து நாளொன்றுக்குக் கிடைப்பது சிரட்டையில் கொஞ்சம் பால்தான். அதைச் சேர்த்துச் சேர்த்துச் செய்த டயரை, கல்லுக்கும் காற்றுக் குறைவுக்கும் பாதியிலேயே பறிகொடுக்காமல் ஓட்டி முடிப்பது, லாரிக்காரர் வீட்டுக்கு நேரடி வருமானம்.